எண்பது நாள் உழைப்பு: ஒப்பந்தப் பெண்களும் மகப்பேற்றுச் சம்பளமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



தலைப்பை என்னிடமே விட்டுவிட்டீர்கள். நான் அதை வெகுதூரம் தேடிப் போகவில்லை. இந்த அரங்கைக் காலையில் பெருக்கியவர்கள், வாசலில் பெயர் எழுதிக்கொண்ட காவலர், நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர், இங்கே அமர்ந்திருக்கும் விரிவுரையாளர்களில் சிலர் என்று பலரும் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் கணிசமானோர் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள். “எனக்கு மகப்பேற்று விடுப்பு உண்டா?” என்று அவர்களில் ஒருவர் கேட்டால் அலுவலகத்தில் வழக்கமாக வரும் பதில் நமக்குத் தெரியும்: “நீங்க கான்ட்ராக்ட்தானேம்மா.”

இந்தப் பதில் சட்டப்படி தவறானது. ஏன் தவறு, தவறாக இருந்தும் ஏன் நிலைத்திருக்கிறது என்பதே என் உரை. மகப்பேற்றுச் சம்பளத்துக்கான தகுதி ஒரு பெண் செய்த வேலையிலிருந்து பிறக்கிறது. ஆகவே அது அந்தப் பெண்ணோடு போக வேண்டும். அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் முடியும் நாளில் அதுவும் முடிந்துபோகக் கூடாது. இதை ஏழு கூறுகளாகச் சொல்கிறேன்.

1. சட்டம் கேட்கும் கேள்வி

மகப்பேறு நலச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டு 1963இல் நடைமுறைக்கு வந்தது. தகுதிக்கு அது வைத்த நிபந்தனை வேலை நாள் கணக்கு ஒன்றே. எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். முதலில் இது 160 நாளாக இருந்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் பாதியாகக் குறைத்தது. வேலை தராமல் நிறுத்திவைத்த நாள்களும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாள்களும் அந்த 80இல் சேரும்.

நிரந்தரப் பணியா, தற்காலிகமா, தொகுப்பூதியமா, தினக்கூலியா என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை. வேலையில் சேரும்போது கர்ப்பமாக இருந்தீர்களா என்றும் கேட்கவில்லை. ‘பெண்’ என்பவர் யார் என்று விளக்கும் இடத்தில், நேரடியாகவோ ஏதேனும் முகமை வழியாகவோ கூலிக்கு வேலை செய்பவர் என்று எழுதியிருக்கிறது. 1961லேயே முகமை வழி வேலையை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் இது. இன்னொரு நுணுக்கம்: கர்ப்பமான நிலையில் அசாமுக்கு வேலை தேடிக் குடிபெயர்ந்த பெண்ணுக்கு இந்த நாள் கணக்கே பொருந்தாது என்று ஒரு விலக்கு இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த வரலாற்றின் தடம் அது. வேலைக்காகப் பெயர்ந்து செல்லும் பெண்ணால் நாள் கணக்குக் காட்ட முடியாமல் போகலாம் என்பதை அன்றைய சட்டம் புரிந்துகொண்டிருந்தது.

2000ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் (தினக்கூலிப் பட்டியல்) பெண் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. குழி வெட்டியும் சாலை போட்டும் ஆண்டுக்கணக்கில் உழைத்த பெண்கள் அவர்கள். நிரந்தர ஊழியருக்கு மட்டுமே விடுப்பு என்றது மாநகராட்சி. நிரந்தரம், தற்காலிகம் என்ற பிரிவினை சட்டத்தில் இல்லை என்றது நீதிமன்றம். அரசியலமைப்பின் 42ஆம் பிரிவு மகப்பேற்று நிவாரணத்தை அரசின் கடமையாகச் சொல்கிறது என்பதையும் எடுத்துக்காட்டியது. அந்தத் தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. “நீங்க கான்ட்ராக்ட்தானே” என்ற பதில் மட்டும் மாறவில்லை.

2. பதினொரு மாதக் கணக்கு

ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்குப் போடப்படுகின்றன. பிறகு ஓரிரு நாள் பணி முறிவு, மறுபடியும் பதினொரு மாதம். பதினொரு மாதம் என்பது ஏறத்தாழ 48 வாரம். கர்ப்ப காலத்தை மருத்துவர்கள் 40 வாரமாகக் கணக்கிடுகிறார்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். அப்படியானால் கர்ப்பத்தின் 32ஆம் வாரத்துக்கு முன் விடுப்புத் தொடங்க முடியாது.

இனிக் கூட்டிப் பாருங்கள். 26 வார விடுப்பும் 48 வார ஒப்பந்தத்துக்குள் முடிய வேண்டுமென்றால் விடுப்பு 22ஆம் வாரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அதற்கு அந்தப் பெண் வேலையில் சேரும் நாளிலேயே பத்து வாரக் கர்ப்பிணியாக இருந்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு கருவுறும் எந்தப் பெண்ணுக்கும், ஒப்பந்தத் தேதிக்குள் முழு விடுப்பு என்பது கணக்குப்படியே நடக்காத காரியம். ஒப்பந்தம் முடிந்தால் உரிமையும் முடிந்தது என்ற விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், சட்டம் தந்த 26 வாரம் இந்தப் பெண்களுக்கு ஒருபோதும் முழுமையாகக் கிடைக்காது.

டெல்லி ஜனக்புரியில் உள்ள சிறப்பு மருத்துவமனையில் நோயியல் துறையில் ஒப்பந்தத்தில் பணிபுரிந்த மருத்துவர் ஒருவருக்கு நடந்தது இதுதான். அவருடைய மூன்றாண்டுப் பணிக்காலம் 2017 ஜூன் 11 அன்று முடிவதாக இருந்தது. ஜூன் 1 முதல் மகப்பேற்று விடுப்புக் கேட்டார். ஒப்பந்தம் முடிய மீதமிருந்த பதினொரு நாளுக்கு மட்டுமே தர முடியும் என்றது நிர்வாகம். நிர்வாகத் தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றன. ஆறாண்டுகளுக்குப் பிறகு, 2023 ஆகஸ்ட் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. கர்ப்ப காலத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்டாலும் மகப்பேற்றுச் சம்பளம் பறிபோகாது என்று 1961 சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னது. அந்தப் பிரிவே இந்தச் சம்பளம் வேலைக்காலத்தைத் தாண்டியும் தொடரக்கூடியது என்பதற்குச் சான்று. 80 நாள் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு ஒப்பந்தம் முடிந்த பின்னும் முழுத்தொகையும் சேர வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பைப் புதுமை என்று பலர் எழுதினார்கள். என் பார்வையில் அதன் வேர் 1977இல், நம் ஆனைமலைத் தோட்டத்தில் இருக்கிறது. மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் ஒரு பெண் தொழிலாளிக்கு அன்றைய 12 வார விடுப்புக்கு 72 நாள் சம்பளம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் கூலி இல்லாத நாள், எனவே அதற்குச் சம்பளம் கிடையாது என்பது எஸ்டேட்டின் வாதம். வாரத்துக்கு ஏழு நாள், ஆக 84 நாள் என்றது கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பிள்ளை பெற்றவள் ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட வேண்டும், குழந்தைக்குப் பால் சுரக்க வேண்டும். தாயும் சேயும் உயிரோடும் நலத்தோடும் இருப்பதற்காக ஏற்பட்ட தொகையை நிறுவனத்தின் வேலை நாள்காட்டியால் அளக்க முடியாது. கூலி இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு 1977இல் பொருந்திய அதே நியாயம், ஒப்பந்தம் முடிந்த மறுநாளுக்கு 2023இல் பொருந்தியது. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்காக உச்ச நீதிமன்றம் வரை நின்ற அந்தத் தோட்டத் தொழிலாளிக்கு இன்றைய ஒப்பந்த மருத்துவர்களும் கடன்பட்டிருக்கிறார்கள்.

3. வேலையளிப்பவர் யார்?

தகுதி உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு அடுத்த தடை எழுகிறது. யாரிடம் கேட்பது? மாநகராட்சிக்குப் போனால் “ஒப்பந்ததாரரிடம் போங்கள்” என்பார்கள். ஒப்பந்ததாரரோ, “எங்கள் டெண்டரில் அதற்குப் பணம் இல்லை” என்பார். டெண்டர் கைமாறியிருந்தால், புதிதாக வந்தவர் “எங்களிடம் நீங்கள் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது” என்பார். அதே வார்டில், அதே தெருவில், அதே மேற்பார்வையாளரின் கீழ் நான்கு ஆண்டு வேலை செய்தவருக்கு இந்தப் பதில்.

1961 சட்டத்தின் சொற்களை நிதானமாகப் படிக்க வேண்டும். வேலையளிப்பவரின் ‘நிறுவனத்தில்’ 80 நாள் வேலை என்றது அது. வேலையளிப்பவர் யார் என்றால், உள்ளாட்சி அமைப்பாயின் ஊழியர்களை மேற்பார்வையிட அது நியமித்தவர், அப்படி ஒருவர் இல்லையென்றால் அதன் தலைமை நிர்வாக அலுவலர். மற்ற இடங்களில் நிறுவனத்தின்மேல் இறுதிக் கட்டுப்பாடு உள்ளவர். கூலிப் பட்டியலில் கையெழுத்துப் போடுபவர் மாறிக்கொண்டே இருந்தாலும் அந்தக் கட்டுப்பாடு மாறுவதில்லை. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால், வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை வேலையளிப்பவர் தந்துவிட்டுப் பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னது. மகப்பேற்றுச் சம்பளத்திலும் இந்த வரிசையே சரி: முதலில் பெண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும், வழக்கை அவர்கள் இருவரும் தமக்குள் நடத்திக்கொள்ளட்டும்.

1961 சட்டத்துக்குப் பதிலாக 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மகப்பேற்று விதிகள் பெரிதும் பழைய வடிவிலேயே அதில் இடம்பெற்றுள்ளன. 80 நாளும் 26 வாரமும் அப்படியே உள்ளன. ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்பவரும் ஊழியர்தான் என்று தெளிவாகச் சொன்னதை வரவேற்கிறேன். ஆனால் வேலையளிப்பவர் என்ற சொல்லுக்குள் ஒப்பந்ததாரரையும் சேர்த்திருக்கிறார்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்க அது இன்னொரு வாசலாகிவிடும் என்பது என் கவலை.

அரசே வேலையளிப்பவராக இருக்கும் இடத்தில் முரண் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தமிழக அரசின் நிரந்தரப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேற்று விடுப்பு உண்டு. அதே அரசு மருத்துவமனையில், அதே இரவுப் பணி பார்க்கும் ஒப்பந்தச் செவிலியர்கள் சட்டம் தந்த குறைந்தபட்சத்துக்கே சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். மகப்பேற்று உரிமையை மறுக்கும் ஒப்பந்த நிபந்தனையைவிடச் சட்டமே மேலோங்கும் என்று 2024 டிசம்பரில் அந்த நீதிமன்றம் சொன்னது. 1961 சட்டத்தின் 27ஆம் பிரிவும் அதைத்தான் சொல்லியிருந்தது.

4. கேட்பதற்கு முன்பே மறுப்பது

வழக்காக வருபவை சில. வழக்கே ஆகாதபடி முடிந்துபோகிறவை மிகப் பல. வயிறு தெரியத் தொடங்கியதும் பணிநீட்டிப்பு வருவதில்லை. யாரும் நீக்கியதாக எழுதித் தருவதுமில்லை. தேதி முடிந்தது, அவ்வளவுதான்.

இந்த மனப்பான்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை முடியும் என்று ஏர் இந்தியா விதி வைத்திருந்தது. 1981இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணிச்சேர்ப்புப் படிவம் கடைசி மாதவிலக்குத் தேதியையும் முந்தைய கர்ப்பங்களையும் கேட்டது. உண்மையை மறைத்ததாகச் சொல்லி ஒரு பெண் தகுதிகாண் பருவத்திலேயே வெளியேற்றப்பட்டார். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்னதோடு அந்தக் கேள்விகளையும் படிவத்திலிருந்து எடுக்கச் சொன்னது. நம் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் திருமணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கினார்கள். அதன் கொடுமைகள் பல. திருமணத்துக்கு முந்தைய வயதின் உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மகப்பேற்றுக் காலம் வருமுன் அந்தப் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிடும் ஏற்பாடு என்பதையும் அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நேரடியான விதியை நீதிமன்றம் நீக்கியது, படிவத்தில் இருந்த கேள்வியை நீக்கியது. இன்று அந்த வேலையை ஒப்பந்தத்தின் முடிவுத் தேதி செய்கிறது. தேதியை எந்த நீதிமன்றத்தாலும் எளிதில் குற்றம் சாட்ட முடியாது. அதனால்தான் 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பை நான் இவ்வளவு பெரிதாக மதிக்கிறேன். 80 நாள் முடித்த பெண்ணைத் தேதியைக் காட்டி வெளியேற்றினாலும் தொகையைக் கொடுத்தாக வேண்டும் என்றால், வெளியேற்றுவதால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

5. பணம் யாருடையது?

இந்த உரையின் மையம் இதுதான். வேலையளிப்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று நான் நினைக்கவில்லை. பதினைந்து பேரை வைத்துச் சிறு பட்டறை நடத்துபவர், ஒரு தொழிலாளிக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுத்து, அவர் இடத்தில் இன்னொருவரையும் வைத்தாக வேண்டும். அந்தச் சுமை முழுவதையும் அவர் ஒருவர் தலையில் வைத்தால், அடுத்த முறை ஆள் எடுக்கும்போது என்ன செய்வார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

இதை நூறாண்டுக்கு முன்பே உலகம் கண்டுகொண்டது. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, மகப்பேற்று உதவி பொது நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வர வேண்டும் என்றது. 1952ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒருபடி மேலே போய், எந்த நிலையிலும் தனி முதலாளி ஒருவர் இந்தச் செலவுக்குப் பொறுப்பாகக் கூடாது என்றது. 1928 ஜூலையில் பம்பாய் சட்டசபையில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், இந்தச் சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்பதுதான் முறை என்றார். மக்கள் நலனைக் காப்பது அரசின் முதல் கடமை என்பது அவர் வாதம். பெண்ணின் உழைப்பால் பலன் பெறும் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்பதால் மசோதாவை ஆதரித்தார். அந்த இரண்டு வாக்கியங்களில் இரண்டாவதை மட்டும் நாம் 1961இல் சட்டமாக்கினோம்.

ஆனால் அதற்கு முன்பே, 1948இல், நம்மிடம் வேறொரு நல்ல சட்டம் இருந்தது. ஈ.எஸ்.ஐ. என்று நாம் சொல்லும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. இன்று அதில் வேலையளிப்பவர் சம்பளத்தில் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வீதம். ஒரு பெண் கருவுற்றால் அவருடைய முதலாளிக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவில்லை. 26 வாரச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கிறது. முந்தைய இரண்டு தொடர் பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால் போதும். அந்த 70 நாளும் ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டியதில்லை. ஒப்பந்ததாரர் மாறலாம், மில் மாறலாம். அவருடைய காப்பீட்டு எண் மாறாது, நாள்கள் அந்த எண்ணில் சேர்ந்துகொண்டே வரும். ஒப்பந்ததாரர் பங்களிப்பைக் கட்டவில்லை என்றால் முதன்மை வேலையளிப்பவர் கட்ட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

தகுதி பெண்ணோடு போக வேண்டும் என்று நான் கேட்பது எட்டாத கனவு ஒன்றுமில்லை. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நாட்டில் நடந்துவரும் ஏற்பாடு. அதன் மருத்துவமனைகளில் குறை உண்டு, அலுவலகங்களில் அலைக்கழிப்பு உண்டு. இருந்தும், அதன் அடிப்படைக் கணக்கு சரியானது.

6. வரம்புக்கு மேலும் கீழும்

ஈ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாயில் நிற்கிறது. 22,000 வாங்கும் ஒப்பந்த ஊழியர் அந்தக் குடைக்கு வெளியே வந்து, தனி முதலாளியின் தயவில் விழுகிறார். சம்பளம் சற்று உயர்ந்ததற்காக மகப்பேற்றுப் பாதுகாப்பு தளர்வது நியாயமில்லை. 2018இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், 15,000 ரூபாய் வரை சம்பளம் தரும் நிறுவனங்களுக்கு ஏழு வாரச் சம்பளத்தைத் திருப்பித் தரும் யோசனையைப் பேசியது. நோய் எது என்பதை அரசும் அறிந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

கீழே இருப்பவர்கள் நிலை வேறு. வீட்டு வேலை செய்பவர், வீட்டிலிருந்து பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர், செயலி வழியாக அழகுக்கலை வேலைக்குப் போகிறவர் ஆகியோருக்கு 80 நாளை யாரிடம் காட்டுவது என்றே தெரியாது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. நடைமுறைக்கு வந்த மத்தியத் திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 என்று சுருக்கியது. தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறது. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட நமக்குப் பெருமைதான். ஆனாலும் அது உதவித்தொகை. இழந்த கூலியை ஈடு செய்யும் அளவு அல்ல. புதிய தொகுப்புச் சட்டம் செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. அந்த நிதியில் மகப்பேற்றுக்கென ஒரு பங்கை இப்போதே பிரித்து எழுதாவிட்டால், பிறகு அது விபத்துக் காப்பீட்டோடு முடிந்துபோகும்.

7. உடனே செய்யக்கூடியவை

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டாத வேலைகள் உண்டு. அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் விடும் ஒவ்வொரு டெண்டரிலும் இரண்டு வரி சேர்க்கலாம்: ஒப்பந்ததாரர் மாறினாலும் அதே பணியிடத்தில் செய்த வேலை நாள்கள் தொடர்ச்சியாகக் கணக்கிடப்படும், ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ளவருக்கான மகப்பேற்றுச் சம்பளத்தை முதன்மை வேலையளிப்பவர் நேரடியாகச் செலுத்துவார். துணைவேந்தர் அவர்கள் மேடையில் இருக்கிறார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தின் அடுத்த டெண்டரிலேயே இதைத் தொடங்கலாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

சட்ட மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் விடுதியில், துறையில், ஊரில் ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்களுக்கு அறிவிப்புக் கடிதம் எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பணம் யார் பெயரில், அந்தக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்யமாட்டேன் என்ற மூன்றும் இருந்தால் போதும். முன்கூட்டி அறிவிக்காமல் போனாலும் உரிமை பறிபோகாது. பிரசவத்துக்குப் பிறகும் கடிதம் கொடுக்கலாம். கர்ப்பத்துக்கான மருத்துவச் சான்று தந்தால் பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை முன்பணமாகத் தர வேண்டும், குழந்தை பிறந்த சான்று தந்த 48 மணி நேரத்தில் மீதியைத் தர வேண்டும் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டின் படம், பேஸ்லிப், வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த விவரம், ஈ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு பதிவேடு கைக்கு வராது. கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பி, இன்னொரு நகலைத் தொழிலாளர் துறை ஆய்வாளர் அலுவலகத்தில் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.